களைக்க வைக்கப் பார்க்காதீர்கள், வேலை கொடுங்கள்

கேள்வி:

டொக்டர், நாங்கள் கனடாவில், ஒன்ராறியோவின் ஏஜக்ஸ் நகரில் இருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்கு என்று ஒரு சைபீரியன் ஹஸ்கிக் குட்டி வாங்கினோம். பெயர் லோக்கி. இப்போது ஒன்றரை வயது, 24 கிலோ. நீலக் கண்ணையும் முகத்தையும் பார்த்து ஆசைப்பட்டுத்தான் எடுத்தோம். இப்போது வீடு வீடாக இல்லை. சோபா ஒன்றை முழுதாகக் கிழித்துவிட்டான். பின்வளவில் வேலிக்கு அடியால் தோண்டி மூன்று முறை வெளியே போய்விட்டான். கடைசி முறை பெரிய வீதியையும் தாண்டிப் போய், யாரோ ஒரு பெண் பிடித்துக் கொண்டுவந்து தந்தார். கணவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. பகலில் மாமிதான் வீட்டில். அவ காலையில் தேவாரம் பாடத் தொடங்கினால் இவனும் கூடச் சேர்ந்து ஊளையிடுவான். முதலில் எல்லோரும் சிரித்தோம். இப்போது அவ கோயிலுக்குப் போகும் நேரத்திலும் ஊளைதான். பக்கத்து வீட்டுக்காரர் முறையிட்டு நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தினமும் ஒரு மணித்தியாலம் நடத்திக் கூட்டிவருகிறோம். வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்குகிறான். கணவர் ட்ரெட்மில் வாங்கலாம் என்கிறார். தங்கை துணைக்கு இன்னொரு நாய் எடு என்கிறாள். மாமி யாருக்காவது கொடுத்துவிடு என்கிறா. மகள் அழுகிறாள். கோடை வேறு வருகிறது, முடியை மொட்டையடித்துவிடலாமா? அவனுடைய படமும் அனுப்பியிருக்கிறேன்.

ஏஜக்ஸிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ட்ரெட்மில்லை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தக் காசில் பாதியை வேலிக்கும், கொஞ்சத்தை ஒரு நல்ல இழுவை ஹார்னெஸுக்கும் (நாயின் நெஞ்சிலும் உடம்பிலும் மாட்டும் பட்டி) செலவழியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நடந்துவிட்டு வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த வரி அதுதான். அவன் பிழையாக எதுவும் செய்யவில்லை. நாம் நடப்பது மணிக்கு ஐந்து கிலோமீற்றர். நீண்ட தூரம் ஓடும் சறுக்குவண்டி நாய்கள் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில், சுமையையும் இழுத்துக்கொண்டு, மணிக்கணக்காகப் போகும். உங்களோடு வரும் ஒரு மணித்தியாலம் அவனுக்கு ஊர் விடுப்புப் பார்க்கும் நேரம். மூக்குக்கு வேலை இருக்கும், காலுக்கு இருக்காது.

அப்படியென்றால் இன்னும் அதிகமாக ஓட விட்டால் சரிதானே என்று உங்கள் கணவர் கேட்பார். இங்கேதான் பல குடும்பங்கள் மாட்டுப்படுகின்றன. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிட்டரோட் ஓட்டம் ஏறக்குறைய ஆயிரம் மைல். அதில் ஓடும் ஒரு நாய், லோக்கியின் எடைதான் இருக்கும், ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கலோரி எரிக்கிறது. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த நாய்களின் தசைகளைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். முதல் நாள் ஓட்டத்தில் தசையில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு நன்றாக இறங்கிவிடுகிறது. எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் அதே தூரத்தை ஓட விட்டால், அந்த இருப்பு இன்னும் இறங்குவதற்குப் பதில் மெல்ல மெல்ல ஏறத் தொடங்குகிறது. ஓடிக்கொண்டே உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி எனப்படும் கலப்பு நாய்கள், உங்கள் லோக்கி அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் போக்கு ஒன்றுதான். இந்த மாதம் ஒரு மணித்தியாலம் ட்ரெட்மில்லில் ஓடினால் களைப்பான். அடுத்த மாதம் அதே ஒரு மணித்தியாலம் அவனுக்கு ஒன்றுமே இல்லை. சோபாவைக் கிழிக்கும் நாயைக் காசு கட்டி ஜிம்முக்கு அனுப்பினது போல ஆகிவிடும்.

களைக்க வைத்து அடக்குவது என்ற திட்டத்தை விட்டுவிட்டு மூன்று விஷயத்தைப் பிடியுங்கள். கிழமைக்குச் சில நாள் இழுக்கிற வேலை. மற்ற நேரத்தில் மூளைக்கும் மூக்குக்கும் கொஞ்சம் வேலை. அதற்குப் பிறகு, வீட்டுக்குள் சும்மா படுத்திருக்கும் பழக்கம். கடைசியாகச் சொன்னதை ஒருவரும் பழக்குவதில்லை, அது தானாக வரும் என்று நினைக்கிறார்கள். ஹஸ்கிக்குத் தானாக வராது.

இந்த இனம் எதற்காக உருவானது என்று உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் வளர்த்த நாய்கள் இவை. சிறிய உடம்பு, இலேசான சுமை, நீண்ட தூரம், குறைந்த சாப்பாடு. 1909-இல் அலாஸ்காவின் நோம் நகரத்தில் நடந்த போட்டிக்கு இவற்றைக் கொண்டுவந்தபோது, உருவத்தைப் பார்த்து அங்குள்ளவர்கள் எலி என்று கேலி பண்ணினார்களாம். கொஞ்சக் காலத்தில் அதே நாய்களை ஓட்டி லியோன்ஹார்ட் செப்பலா என்ற நோர்வேக்காரர் 1915, 1916, 1917 என்று தொடர்ந்து மூன்று வருடம் வென்றார்.

அந்தச் செப்பலாவிடம் டோகோ என்று ஒரு குட்டி இருந்தது. சின்ன உருவம், நோயாளி, அதோடு அடங்காப்பிடாரி. சறுக்குவண்டிக்கு இது சரிவராது என்று முடிவு செய்து, வீட்டுச் செல்லமாக வளர்க்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நல்ல வீடு, நல்ல கவனிப்பு. சில கிழமைகளில் டோகோ மூடியிருந்த யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து, பல மைல் ஓடி, பழைய கொட்டிலுக்கே திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் கட்டி வைத்தால் அறுத்துக்கொண்டு, ஓடுகிற வண்டிகளுக்குப் பின்னால் போய் மற்ற நாய்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் எட்டு மாதத்தில் ஒரு நாள் ஹார்னெஸ் மாட்டினார் செப்பலா. நாய் உடனே ஒழுங்குக்கு வந்தது. 1925-இல் நோமில் தொண்டை அடைப்பான் பரவி, மருந்தை 674 மைல் தூரம் நாய்வண்டிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனபோது, மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை முன்னால் நின்று இழுத்தது அந்த டோகோதான். அப்போது அதற்குப் பன்னிரண்டு வயது. பேர் வாங்கியது கடைசிப் பகுதியை ஓடிய பால்டோ என்பது வேறு கதை.

டோகோவைப் பற்றிச் சொன்னது லோக்கியை அலாஸ்காவுக்கு அனுப்பச் சொல்லி அல்ல. சோபாவும் வேலியும் யன்னலும் உடைவது இந்த இனத்தில் நூறு வருடமாகவே தெரிந்த விஷயம், உங்கள் வளர்ப்பில் வந்த குறை அல்ல என்பதற்காகத்தான்.

சரி, இழுக்கிற வேலைக்கு வருவோம். ஏஜக்ஸில் பனி கிடக்கும் மாதங்கள் குறைவு, சறுக்குவண்டியும் தேவையில்லை. கனிக்ரொஸ் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் இடுப்பில் அகலமான ஒரு பட்டி, நாய்க்கு இழுவை ஹார்னெஸ், இரண்டுக்கும் நடுவில் இரப்பர் போல நீளக்கூடிய ஒரு கயிறு. நாய் முன்னால் இழுக்கும், நீங்கள் பின்னால் ஓடுவீர்கள். ஓட முடியாவிட்டால் வேகமாக நடந்தாலும் சரி, இழுப்பதுதான் அவனுக்கு வேலை, நீங்கள் எவ்வளவு வேகம் என்பது அவனுக்குப் பெரிய விஷயமில்லை. கயிறு நீளக்கூடியதாகத்தான் இருக்க வேண்டும். சாதாரண லீஷை இடுப்பில் கட்டினால், அவன் அணிலைக் கண்டு பாயும்போது உங்கள் முதுகும் அவன் தோளும் சேர்ந்து அடி வாங்கும்.

ஹார்னெஸ் வாங்கும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். கழுத்துப் பட்டி தொண்டையில் இல்லாமல் நெஞ்செலும்பின் மேல் அமர வேண்டும். தோளுக்குக் குறுக்கே கிடையாக எந்தப் பட்டியும் ஓடக்கூடாது, ஓடினால் முன்னங்காலை முழுதாக நீட்ட விடாது. மாட்டிவிட்டு கயிற்றைப் பின்னால் இலேசாக இழுத்துப் பாருங்கள். அவன் இருமினாலோ, பட்டி கழுத்தில் மேலேறினாலோ அந்த அளவு சரியில்லை. ஓடிவிட்டு வந்ததும் அக்குளிலும் நெஞ்சிலும் முடியை விலக்கிப் பாருங்கள், சிவந்திருந்தால் அளவு மாற்ற வேண்டும்.

நடக்கும்போது இழுக்கக்கூடாது என்று பழக்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் இழு என்று சொன்னால் குழம்பமாட்டானா? மாட்டான், உபகரணம் இரண்டும் வேறாக இருந்தால். நடைக்கு நெஞ்சுக்கு முன்னால் கொளுவும் ஹார்னெஸ். அது போட்டிருக்கும்போது இழுத்தால் நீங்கள் அசையாமல் நில்லுங்கள், கயிறு தளர்ந்த பிறகுதான் அடுத்த அடி. இழுவை ஹார்னெஸ் போட்டால் இழுக்கலாம், இழுக்கத்தான் வேண்டும். ஒரு மாதம் இரண்டையும் கலக்காமல் செய்தால், எந்தப் பட்டி தலைக்கு மேலே வருகிறது என்று பார்த்தே என்ன வேலை என்று விளங்கிக்கொள்வான். மாமி அவனை வெளியே கூட்டிப் போவதென்றால் முதலாவது மட்டும்தான். உண்மையைச் சொன்னால், இந்த வருடம் மாமி அவனை வெளியே கூட்டிப்போகவே வேண்டாம். 24 கிலோ ஹஸ்கி ஒரு முயலைக் கண்டு இழுத்தால் வயதானவர்களின் மணிக்கட்டும் இடுப்பும்தான் முறியும்.

வண்டிக்காரர்களின் சொற்களையும் பழக்குங்கள். வலப்பக்கம் திரும்ப 'ஜீ', இடப்பக்கம் 'ஹா', புறப்பட 'ஹைக்', நிற்க 'வோ', எதையாவது பார்க்காமல் தாண்டிப் போக 'ஒன் பை'. இவற்றை ஓடும்போது பழக்காதீர்கள். சாதாரண நடையில், சந்தி வரும்போது திரும்புவதற்கு ஒரு நொடி முன்னால் சொல்லுங்கள், திரும்பியதும் பாராட்டுங்கள். 'வோ' வந்த பிறகுதான் ஓட்டம். பூனைகள் நிறைந்த தெருவில் வாழ்கிறவர்களுக்கு 'ஒன் பை' பொன் போன்றது. உங்கள் மகளுக்கு இந்தச் சொற்களைக் கற்பிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், பெரியவர்கள் யாராவது கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆனால் மகள் தனியாக இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டாம், சைக்கிளில் கட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

அவனுக்கு ஒன்றரை வயது என்பது நல்லது, எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும். ஆனாலும் தொடங்க முன் உங்கள் மருத்துவரிடம் இடுப்பையும் முழங்காலையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு கிழமை பத்து நிமிடம் போதும். கிழமைக்கு மூன்று நாள், நடுவில் ஓய்வு நாள். மெல்ல மெல்ல அரை மணித்தியாலம். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போக வேண்டாம், ஜிம் கதையை மறந்துவிடாதீர்கள்.

காலநிலை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வெப்பம் 15 பாகையைத் தாண்டினால் இழுவை வேலை இல்லை. ஒன்ராறியோவின் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஈரப்பதமும் சேர்ந்துவிடும், நாய் நாக்கால் விடும் சூடு வெளியே போகாது. ஹஸ்கி தானாக நிறுத்தாது, விழும் வரை ஓடும். கோடையில் விடிய ஐந்து, ஐந்தரைக்குச் சாதாரண நடை, அவ்வளவுதான். மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு கடும் சிவப்பாகி, எச்சில் தடித்து, கால் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனைக்குப் புறப்படுவது. இந்த ஒழுங்கு முக்கியம். குளிர்காலத்தில் வீதியில் போடும் உப்பு பாதத்தை அரிக்கும், துணிக் காலணி போடுங்கள் அல்லது வந்ததும் இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள்.

மொட்டையடிப்பது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். அவனுக்கு இரண்டு அடுக்கு முடி. மேல் முடி வெயிலையும் தடுக்கும். அடித்தால் தோல் வெயிலில் எரியும், சில நாய்களுக்கு முடி திரும்பச் சரியாக முளைப்பதே இல்லை. வருடத்துக்கு இரண்டு தரம் உள்முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அந்த நேரம் தினமும் உள்முடி வாரும் சீப்பால் பின்வளவில் வைத்து வாருங்கள். கறிச்சட்டிக்குள் முடி பறந்து வருகிறது என்று சில வீட்டுக்காரர் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள், உண்மைதான், வரும்.

இனி வீட்டுக்குள் நடக்க வேண்டியது. இது ஓட்டத்தைவிட முக்கியம், நேரமும் எடுக்கும்.

உங்கள் வீட்டின் நேர அட்டவணையைப் பார்த்தால் ஒரு நல்ல வசதி தெரிகிறது. கணவர் இரவு வேலை முடிந்து காலையில் வருகிறார். படுக்கப் போகமுன் அவர் லோக்கியோடு இருபது நிமிடம் இழுவை வேலை செய்தால், பகல் முழுதும் மாமிக்குப் பாதி நிம்மதி. வந்ததும் அவனை விட்டுவிடாதீர்கள். ஓட்டம் முடிந்த அரை மணித்தியாலத்தில்தான் இந்த நாய்கள் வீட்டுக்குள் கிறுக்குப் பிடித்தது போல ஓடும், இதயம் இன்னும் அடங்கவில்லை. பின்வளவில் ஒரு சுற்று மெதுவாக நடத்தி, தண்ணீர் வைத்து, மூச்சு அடங்கியதும் பாயில் கொண்டுவந்து விடுங்கள்.

அந்தப் பாய்தான் பாடசாலை. ஒரு பழைய ஜமுக்காளத்தை எடுத்து, அவன் சாப்பாட்டு உருண்டைகள் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அவன் பாயில் கால் வைத்தால் ஒன்று. படுத்தால் இரண்டு. இடுப்பைச் சரித்து ஒரு பக்கமாகப் படுத்தால் மூன்று, நாலு. ஒன்றும் சொல்ல வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம், முன்னங்காலுக்கு நடுவில் மெதுவாக வைத்துவிடுங்கள். எழும்பிப் போனால் சாப்பாடும் நின்றுவிடும். ஐந்து நிமிடம் செய்து, பாயைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். பாய் விரிந்தால் சும்மா படுத்திருப்பதற்குக் கூலி கிடைக்கும் என்று அவனுக்கு விளங்க இரண்டு மூன்று கிழமை போகும். விளங்கிய பிறகு மாமி தேவாரம் பாடும்போது அந்தப் பாயை விரியுங்கள். கூடப் பாடுவதை முழுதாக நிறுத்துவான் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தத் தேவையும் இல்லை, பாட்டு நின்றதும் அவனும் நிற்பான். நாய் ஊளையிட்டால் வீட்டுக்குக் கூடாது என்று மாமிக்கு மனதில் ஏதும் இருந்தால், இந்த இனத்துக்குக் கதைப்பதே அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

சாப்பாட்டைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். இரப்பர்ப் பொம்மைக்குள் அடைத்து உறைபெட்டியில் வைத்துக் கொடுங்கள், அதை நக்கி எடுக்க அரை மணித்தியாலம் போகும். பின்வளவுப் புல்லில் தூவி மூக்கால் தேட விடுங்கள். நிலக்கடலை வெண்ணெய் பூசுவதென்றால் போத்தலில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு நஞ்சு. மாமிக்கு இன்னொரு செய்தி: நாய் சாப்பிடவில்லை என்று கவலைப்பட்டுச் சோறும் குழம்பும் வைக்க வேண்டாம். எங்கள் கறி எல்லாவற்றிலும் வெங்காயமும் உள்ளியும் இருக்கும், இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பாயாசத்து முந்திரிகை வற்றல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹஸ்கிகள் உடம்பைப் பார்த்து நாம் நினைக்கும் அளவைவிடக் குறைவாகத்தான் சாப்பிடும், சில நாள் ஒரு வேளையை விட்டும்விடும். விலா எலும்பைத் தடவினால் கையில் பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அப்படி இருந்தால் அவன் சாப்பிடும் அளவு சரி.

தோண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். வளவின் நிழலான ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி மணல் போட்டு, அவன் பார்க்கும்போது ஒரு பொம்மையைப் பாதி புதையுங்கள். அடுத்த நாள் முழுதாகப் புதையுங்கள். மற்ற இடத்தில் தோண்டினால் சத்தம் போடாமல் இங்கே கூட்டிவாருங்கள்.

வேலி. மூன்று முறை வெளியே போன நாய் நாலாவது முறையும் போகும், இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், இந்தக் கிழமையே. வேலியின் அடியிலிருந்து உள்பக்கமாக இரண்டடி அகலத்துக்குக் கம்பி வலையை நிலத்தில் கிடையாக விரித்து, வேலியோடு இறுக்கிக் கட்டி, மேலே கல்லோ மண்ணோ போடுங்கள். நாய் வேலியின் ஓரத்திலேதான் தோண்டும், இரண்டடி பின்னால் வந்து தோண்ட அதற்குத் தோன்றாது. வேலி ஆறடியாவது இருக்க வேண்டும். வேலிக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி, மேசை, குளிர்காலத்தில் தள்ளிக் குவித்த பனி எதுவும் வேண்டாம், ஏறிவிடுவான். நிலத்துக்கடியில் கம்பி புதைத்து மின்னதிர்ச்சி கொடுக்கும் வேலியை யாராவது சொன்னால் வாங்காதீர்கள். முயலைத் துரத்தும் வேகத்தில் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு வெளியே போவான், திரும்பி வர அதே அதிர்ச்சிக்குப் பயப்படுவான்.

வேலி போட்டாலும் தனியே வளவில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். வெளியே லீஷ் இல்லாமல் ஒரு நாளும் விடாதீர்கள், எவ்வளவு பழகினாலும். கூப்பிட்டால் வருகிற ஹஸ்கிகள் இருக்கின்றன, மான் குறுக்கே ஓடும் வரைக்கும். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் பதிந்து, அதில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தப்பிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள், அது அவனுக்கு விளையாட்டு. எதிர்த்திசையில் சத்தமிட்டு ஓடுங்கள், அல்லது காரின் கதவைத் திறந்து கூப்பிடுங்கள், பல ஹஸ்கிகள் காருக்கு மயங்கும். பக்கத்து வீட்டுப் பூனை உங்கள் வளவுக்குள் வருமென்றால் அதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஒன்ராறியோவில் நாய் கடித்தாலோ தாக்கினாலோ சட்டப்படி பொறுப்பு உரிமையாளருக்குத்தான்.

நகராட்சிக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். ஒரு பழைய தொலைபேசியை வரவேற்பறையில் வைத்து, யாரும் இல்லாத நேரத்தைப் பதிவு செய்யுங்கள். கதவு மூடிய ஐந்து நிமிடத்துக்குள் தொடங்கி, எச்சில் வடித்து, கதவைப் பிராண்டினால் அது தனிமைப் பயம். அதற்குத் தனியாகச் சிகிச்சை தேவை, சில நேரம் மருந்தும் வேண்டிவரும். அரை மணித்தியாலம் படுத்துவிட்டு, அம்புலன்ஸ் சத்தம் கேட்டு எழும்பி ஊளையிட்டால் அது வேறு, அதற்கு இந்தக் கடிதத்தில் எழுதியது போதும். இரண்டில் எது என்று தெரியாமல் குரைப்பை நிறுத்தும் பட்டியைக் கழுத்தில் மாட்டாதீர்கள், பயந்த நாய்க்கு வலியும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் போய், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லி, எந்த நேரம் சத்தம் வருகிறது என்று கேளுங்கள். முடிந்தால் மாமியின் வடையோடு போங்கள்.

தங்கை சொன்ன இரண்டாவது நாய்? இப்போது வேண்டாம். ஹஸ்கிகள் கூட்டமாக வாழப் பழகியவை, துணை பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பழக்கப்படாத ஒன்றுக்கு இன்னொன்றைச் சேர்த்தால் வேலிக்கடியில் இரண்டு பேர் தோண்டுவார்கள். ஒரு வருடம் போகட்டும். விதை நீக்கியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நீக்கினால் பெண்நாயைத் தேடி அலைவது குறையும், ஓடும் ஆசையும் தோண்டும் ஆசையும் குறையாது. அதை நம்பிச் செய்யாதீர்கள்.

கொடுத்துவிடுவதா என்ற கேள்விக்கு நான் மழுப்ப விரும்பவில்லை. முகத்தைப் பார்த்து வாங்கப்பட்ட ஹஸ்கிகள் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் அதிகம் கைமாறுகின்றன. தொலைக்காட்சித் தொடர்களில் ஓநாய்களைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்தவர்களின் நாய்கள் காப்பகங்களை நிறைத்ததும் நடந்தது. விற்றவர்கள் வேலி எத்தனை அடி என்று கேட்டிருக்க வேண்டும், கேட்பதில்லை. உங்கள் வீட்டில் கிழமைக்கு மூன்று காலையும், தினமும் ஒரு மணித்தியாலக் கவனமும் யாராவது ஒருவரால் தர முடியுமா என்று கணவரும் நீங்களும் மகள் இல்லாத நேரத்தில் இருந்து கதையுங்கள். முடியும் என்றால் மூன்று மாதம் செய்து பாருங்கள். ஹஸ்கிகள் ஒரே நாளில் அடங்காது, மூன்று வயதளவில்தான் கொஞ்சம் ஆறும்.

முடியாது என்றால் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும் முறையில்தான் தவறு வரும். முதலில் குட்டி வாங்கிய இடத்து ஒப்பந்தத்தைப் பாருங்கள், பொறுப்பான வளர்ப்பாளர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஹஸ்கிகளுக்கென்றே இயங்கும் மீட்பு அமைப்புகள் இருக்கின்றன. அவற்றோடு பேசி, இடம் கிடைக்கும் வரை வீட்டில் வைத்திருங்கள். தப்பியதையும் முறைப்பாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்தால் அடுத்த வீட்டிலும் இதேதான் நடக்கும். இலவசம் என்று இணையத்தில் விளம்பரம் போட வேண்டாம். மகளிடம் முடிவு எடுத்த பிறகு சொல்லாதீர்கள், முடிவு எடுக்கும்போதே சொல்லுங்கள். பிள்ளைக்கும் இது விளங்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அனுப்பிய படத்தில் அவன் கண்ணைச் சுற்றியும் மூக்கு ஓரத்திலும் முடி உதிர்ந்து, செதில் போல ஒன்று படிந்திருப்பது தெரிகிறது. இந்த இனத்திலும் அலாஸ்கன் மாலமூட் என்ற இன்னொரு வண்டிநாய் இனத்திலும் உடம்பு துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாத ஒரு பிறவிக் குறை உண்டு, அது இப்படித்தான் தொடங்கும். தோலில் வாழும் சிற்றுண்ணி, பூஞ்சை என்று வேறு காரணங்களும் இருக்கலாம், படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் துத்தநாக மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அளவு கூடினால் இரத்தத்தைக் கெடுக்கும். இடுப்பு, முழங்கால் பரிசோதனைக்குப் போகும் அதே நாளில் இதையும் காட்டிவிடுங்கள், இரண்டு தரம் அலைய வேண்டியதில்லை.